கசியாத தொட்டியில் குறையும் நீர்: ஒரு விவேரிய ஓடையின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொட்டி 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உடைய, முன்பக்கம் கதவு திறக்கும் கண்ணாடி விவேரியம், அதாவது செடிகளோடு சிற்றுயிர்களையும் வளர்க்கும் கண்ணாடிக் கூடு. அதன் இடப்புறப் பின்மூலையில் சுமார் 35 செ.மீ. உயரத்தில் ஓர் ஊற்று அமைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து நீர், பாலியூரித்தேன் ஃபோமில் செதுக்கிய பாறைச் சரிவின் மேல் இறங்கி, தொட்டியின் நடுவே சிற்றோடையாக வளைந்து, வலப்புற முன்மூலையில் இருந்த குட்டையில் சேர்ந்தது. குட்டை 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம் கொண்டது, விளிம்புவரை நிரப்பினால் நாலரை லிட்டர் பிடிக்கும். கூழாங்கற்களுக்குள் மறைத்து வைத்திருந்த சிறு நீர்மூழ்கிப் பம்ப் அந்த நீரையே மீண்டும் ஊற்றுக்கு ஏற்றியது. எஞ்சிய பரப்பு முழுவதும், கீழே 4 செ.மீ. கனத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, அதற்கும் மேல் தேங்காய் நார்த்தூள் மிகுந்த மண் கலவை என்று வழக்கமான முறையில் அடுக்கப்பட்டிருந்தது. பெரணிகளும், அன்னாசிக் குடும்பச் செடிகளான புரோமிலியாடுகளும் நடப்பட்டு, ஓடையின் இரு கரைகளிலும் ஈரத்தில் படரும் ஜாவா மாஸ் என்ற பாசிவகைச் செடி பரப்பப்பட்டிருந்தது. செடிகள் வேரூன்றிய பிறகு வெப்பமண்டலச் சிறு தவளைகளான டார்ட் தவளைகளில் ஓர் இணையை உள்ளே விடுவது அமைத்தவரின் திட்டம்.

அமைத்தவர் பொறுமையும் கைத்திறனும் உள்ளவர். குட்டையின் சுவர்களைக் கண்ணாடிப் பட்டைகளால் ஒட்டி, சிலிக்கோன் காய்ந்தபின் ஒரு முழு நாள் நீர் நிரப்பிச் சோதித்த பிறகே மண்ணை இட்டிருந்தார். அப்படியிருந்தும், ஓடை ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இரண்டு நாளுக்கு ஒருமுறை குட்டையின் மட்டம் 2 செ.மீ. இறங்கியது, பம்ப் காற்றை உறிஞ்சி இரைந்தது. அவர் தினமும் நீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து வந்தார். ஊற்ற ஊற்றத் தொட்டியின் நடுப்பகுதி மண் சேறாகியது. இரண்டு புரோமிலியாடுகள் அடியில் அழுகிக் கையோடு வந்தன. மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. தொட்டிக்கு வெளியே, அடிக்கண்ணாடியின் கீழே விரித்திருந்த காகிதத்தில் ஒரு துளி ஈரமும் இல்லை. தொட்டி கசியவில்லை என்பது உறுதி. நீர் குறைகிறது என்பதும் உறுதி. இந்த இரண்டையும் ஒருசேர விளக்கும் காரணத்தைத் தேடியதே இந்த ஆய்வு.

முதலில் ஆவியாதல்

நீர் குறைந்தால் ஆவியாகிவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் மூடிய கண்ணாடிக் கூட்டில் ஆவியான நீரின் பெரும்பகுதி கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்புகிறது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்தபோது அதில் தானாக முளைத்த பெரணி, நீர் ஊற்றப்படாமலே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகே அது அழிந்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். கண்ணாடிக்குள் வளரும் செடிக்கு நீர்க்குறையைவிட நீர்மிகையே பெரும்பாலும் எமனாகிறது.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று செய்யப்பட்டது. குட்டையின் அருகே, அதே வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில், நேர்ச்சுவருள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் வைத்து, கிண்ணத்திலும் குட்டையிலும் மட்டத்தை ஒட்டுநாடாவால் குறித்தோம். ஒரு நாளில் கிண்ணத்தில் இறங்கிய மட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவே. குட்டையிலோ ஒரு சென்டிமீட்டர். ஓடும் நீருக்கு ஆவியாகும் பரப்பு கூடுதல் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் பத்து மடங்கு வேறுபாட்டை அது விளக்காது. பிறகு பம்பை நிறுத்திவிட்டு அதே அளவை மீண்டும் எடுத்தோம். குட்டை கிண்ணத்தைவிடச் சற்றே கூடுதலாக இறங்கியதே தவிர, பெரிய வீழ்ச்சி நின்றுவிட்டது. ஆக, குட்டையின் ஒட்டுகள் உறுதியானவை. நீர் தொலைவது அது மேலே ஏறிக் கீழே இறங்கும் பாதையில். மிகச் சிறு பங்கு மட்டும் குட்டையின் ஓரத்தில்.

தொலையும் நீர் எங்கே சேர்கிறது என்பதற்கு விடை கணக்கிலேயே கிடைத்தது. 750 சதுர செ.மீ. பரப்புள்ள குட்டையில் 2 செ.மீ. இறங்கினால் ஒன்றரை லிட்டர் போகிறது. தொட்டியின் மற்ற 3,300 சதுர செ.மீ. பரப்பின் அடியில் களிமண் உருண்டைகள் இருக்கின்றன; உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் மொத்தக் கனஅளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான். எனவே ஒன்றரை லிட்டர் அங்கே போய்ச் சேர்ந்தால் மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். 4 செ.மீ. கனமுள்ள வடிகால் அடுக்கு எட்டு நாளுக்குள் நிரம்பி, அடுத்து மண்ணைத் தொடும். ஒரு மூலையில் மண்ணை விலக்கிப் பார்த்தபோது அப்படியே இருந்தது: உருண்டைகள் முழுவதும் மூழ்கி, வலைக்கு மேலேயும் விரற்கடை நீர் நின்றது. தினமும் குட்டையில் ஊற்றிய நீர் தினமும் செடிகளின் வேரடிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து குட்டைக்குத் திரும்ப வழியே இல்லை.

நீர் எல்லை தாண்டிய இடங்கள்

ஓடையின் இரு கரைகளிலும் மண்ணின் மேல் உலர்ந்த டிஷ்யூ காகிதத் துண்டுகளை வரிசையாக வைத்து, பம்பை ஓடவிட்டுப் பார்த்தோம். எந்தத் துண்டு முதலில், எந்தப் பக்கத்திலிருந்து நனைகிறது என்பதைக் கவனித்தால் நீரின் வழி தெரிந்துவிடும். சாயம் கலந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மாஸிலும் கல்லிலும் கறை தங்கும், தவளை வரவிருக்கும் தொட்டிக்கு அது தேவையும் இல்லை.

மிகப் பெரிய குற்றவாளி ஜாவா மாஸ். ஓடையின் உள்ளே நனைந்து கிடந்த அதன் இழைகள் கரையைத் தாண்டி வளர்ந்து வெளிப்பக்க மண்ணைத் தொட்டிருந்தன. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அந்த இழைக்கொத்து நீரைக் கரைமேல் ஏற்றியது. அதோடு நிற்கவில்லை: வெளிப்பக்க மண் ஓடையின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்ததால், ஏறிய நீர் மறுபக்கம் இறங்கி, இறங்கும் நீர் பின்னால் வரும் நீரை இழுத்து, இடைவிடாத ஒரு வடிப்பாகவே அது இயங்கியது. மாஸ் பசுமையாகப் பரவியிருந்த இடங்களில் காகிதம் சில நிமிடங்களில் நனைந்தது. மாஸை விலக்கிய இடத்தில் மணிக்கணக்கில் உலர்ந்தே இருந்தது. தொட்டி அமைத்த முதல் சில நாட்களில் நீர் குறையாமல், மாஸ் பிடித்துப் படர்ந்த பிறகே குறையத் தொடங்கியது ஏன் என்பதும் இதனால் விளங்கியது. முன்கூட்டிய கசிவுச் சோதனை எத்தனை கவனமாகச் செய்யப்பட்டாலும் இந்த இழப்பைக் காட்டிக் கொடுக்காது. அப்போது மாஸ் இருப்பதில்லை.

இரண்டாவது இழப்பு ஃபோமின் பின்புறம். பாலியூரித்தேன் ஃபோம் வெறும் கண்ணாடியை நெடுநாள் பற்றி நிற்பதில்லை. கண்ணாடியில் முதலில் சிலிக்கோனைப் பூசிக் காயவிட்டு அதன்மேல் ஃபோமை அடிப்பதே பிடிமானத்துக்கு வழி. இங்கே ஊற்றுக்குச் சற்றுக் கீழே ஃபோம் கண்ணாடியிலிருந்து மயிரிழை விலகியிருந்தது. குழாய் வாயின் அடியிலிருந்து வழிந்த மெல்லிய நீர் பாறை முகத்தில் இறங்காமல், பரப்பு இழுவிசையால் ஃபோமின் அடிப்பக்கத்தை ஒட்டியே பின்னோக்கி ஓடி, அந்த இடைவெளிக்குள் போய், பின்கண்ணாடி வழியாக வடிகால் அடுக்கில் இறங்கியது. வேகமாகப் பாயும் நீர் விளிம்பை விட்டுத் தெறித்து விழும். மெதுவாக வழியும் நீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாகப் போகும். சிறு தொட்டி அருவிகளில் நீர் எப்போதும் மெதுவாகவே வழிவதால், இரண்டாவதை எதிர்பார்த்தே கட்ட வேண்டும்.

மூன்றாவது, பம்ப் நின்றபோதும் இருந்த அந்தச் சிறு இழப்பு. குட்டையின் கண்ணாடிச் சுவர் தெரியாமலிருக்க அதன் இரு பக்கங்களிலும் சிலிக்கோன் பூசி நார்த்தூளை அழுத்தியிருந்தார்கள். அந்தத் தூள் சுவரின் உச்சியிலும் தொடர்ச்சியாக ஒட்டியிருந்தது. நீர்மட்டம் உச்சிக்கு ஒரு செ.மீ. கீழே இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றலாம். நுண்புழை ஏற்றத்தின் கணக்கு வேறு சொல்கிறது: 1 மி.மீ. ஆரமுள்ள நுண்குழாயில் நீர் சுமார் ஒன்றரை செ.மீ. ஏறும், ஆரம் 0.1 மி.மீ. ஆனால் சுமார் 15 செ.மீ. ஏறும். நார்த்தூளின் துளைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை என்றாலும், ஒரு செ.மீ. உயரம் அவற்றுக்குத் தடையே இல்லை என்பதற்கு இந்தக் கணக்குப் போதும். வடிகால் அடுக்குக்குப் பெரிய உருண்டைகளைப் பயன்படுத்துவதன் காரணமும் இதுவே. இடைவெளி பெரிதாக இருந்தால் நீர் மேலே ஏறாது. மண்ணுக்கும் நீருக்கும் நடுவே நிற்க வேண்டியது கனமான தடுப்பு அல்ல, காற்று.

முடிவெடுத்த விதம்

இந்த மூன்று வழிகளையும் அடைத்துவிட்டுத் தொட்டியை அப்படியே தொடரலாம் என்பது முதலில் முன்வைக்கப்பட்ட யோசனை. செலவும் உழைப்பும் அதில் குறைவு. நான் அதை ஏற்கவில்லை. மாஸ் மீண்டும் வளரும். ஃபோம் வேறிடத்தில் விலகும். ஒரு வேர் ஓடைக்குள் இறங்கிப் புதுப் பாதை திறக்கும். தனித்த சிறு குட்டையும், அதனோடு தொடர்பில்லாத வடிகால் அடுக்கும் உள்ள அமைப்பில், எல்லை தாண்டும் ஒவ்வொரு துளியும் ஒருவழிப் பயணம் போகிறது. எல்லை தாண்டுவதை முற்றிலும் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டால், தாண்டிய நீர் தானாகவே திரும்பிவரும்படி தொட்டியின் அடித்தளத்தை மாற்றுவதே முறை. குட்டையும் வடிகாலும் ஒரே நீர்த்தேக்கமாகிவிட்டால், மாஸ் வழியாக வடியும் நீர் மண்ணைக் கடந்து கீழே இறங்கித் தேக்கத்திலேயே சேர்கிறது. மட்டம் குறைவதில்லை, மண்ணடியில் தேங்குவதும் இல்லை.

இதற்குப் பொய்த்தளம் தேவை: தொட்டியின் அடிக்கண்ணாடிக்கு மேலே கால்களில் நிற்கும் இரண்டாவது தளம். அடியில் உருண்டைகளை நிரப்பியும் ஒரே தேக்கமாக இணைக்கலாம். ஆனால் உருண்டைகள் இடத்தில் ஐந்தில் மூன்று பங்கைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. 90-க்கு 45 செ.மீ. பரப்பில் 5 செ.மீ. நீர் நின்றால், வெறும் இடமாக இருக்கையில் 20 லிட்டர். உருண்டைகள் நிரம்பியிருந்தால் 8 லிட்டர். நீர் கூடுதலாக இருந்தால் அதன் வேதித்தன்மை சட்டென்று மாறாது, மட்டமும் மெதுவாகவே இறங்கும். ஒரு சென்டிமீட்டர் இறங்க முன்பு முக்கால் லிட்டர் தொலைந்தால் போதும்; இப்போது நான்கு லிட்டர் தொலைய வேண்டும். மறுபுறம், 20 லிட்டர் என்பது 20 கிலோ. தாங்கும் மேசையையும், கதவுக்குக் கீழுள்ள முன்கண்ணாடியின் உயரத்தையும் பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்பக்கம் திறக்கும் விவேரியங்கள் மீன்தொட்டிபோல முழு உயரத்துக்கு நீர் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. இந்தத் தொட்டியின் கீழ்க்கண்ணாடி 15 செ.மீ. உயரம், 5 செ.மீ. நீருக்கு அது தாராளம்.

மறுகட்டுமானம்

செடிகளை எடுத்து ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மண் முழுவதையும் அகற்றினோம். நாற்றமடித்த மண் மறுபடி பயன்படுத்தப்படவில்லை.

விளக்குகளை மறைக்கப் பயன்படும் கட்டம்கட்டமான பிளாஸ்டிக் தட்டியை அளவாக வெட்டி, பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கால்களாக வைத்து, 8 செ.மீ. உயரத்தில் பொய்த்தளம் நிறுத்தப்பட்டது. நீர் 5 செ.மீ. வரை, எனவே நீருக்கும் தட்டிக்கும் நடுவே 3 செ.மீ. காற்று. தட்டியின் மேல் ஃபைபர் கொசுவலையை இரண்டாக மடித்து விரித்து, ஓரங்களைக் கண்ணாடியோடு சிலிக்கோனால் ஒட்டினோம். ஓரம் ஒட்டாத வலையில் மண் வழிந்து கீழே இறங்கும். இறங்கிக் குவிந்த மண் அடியிலிருந்து தட்டிவரை எழும்பினால் மூன்று செ.மீ. காற்றுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

குட்டைக்கு இனி தனிச்சுவர் கிடையாது. வலப்புற முன்மூலையில் பொய்த்தளம் இல்லாமல் விட்ட இடமே குட்டை. தளத்தின் வெட்டு விளிம்பில் நிறுத்திய கண்ணாடிப் பட்டைகள் மண்ணைத் தாங்குகின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள 8 செ.மீ. திறப்பு வழியாகக் குட்டைநீரும் தேக்கநீரும் ஒன்றாக நிற்கின்றன. அந்தத் திறப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டார்ட் தவளைகளுக்கு நீந்தும் திறன் மிகக் குறைவு. பொய்த்தளத்தின் அடியில் புகுந்த தவளைக்கு வெளிவரும் வழி தெரியாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது அங்கே இருப்பதும் தெரியாது. திறப்பு முழுவதும் துருப்பிடிக்காத எஃகு வலை பொருத்தி, நான்கு ஓரங்களையும் சிலிக்கோனால் அடைத்து, விரலால் அழுத்தி ஒவ்வோர் அங்குலத்தையும் சோதித்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு: நீர்மட்டம் மண்மட்டத்தைவிட வெகுவாகத் தாழ்ந்து, குட்டை பள்ளத்துக்குள் கிடக்கும். மண் 6 செ.மீ. கனம் என்றால் தரைக்கும் நீருக்கும் 9 செ.மீ. வித்தியாசம். குட்டையை நெருங்க நெருங்க மண்ணின் கனத்தைக் குறைத்தும், ஸ்லேட் கற்களைப் படிப்படியாக உள்நோக்கி அடுக்கியும் இதைச் சரிக்கட்டினோம். குட்டையின் அடியில் கூழாங்கல்லைச் சரிவாகக் கொட்டியதில், கரையில் நீர் ஈரப்படலமாகத் தொடங்கி, மிக ஆழமான இடத்தில் 3 செ.மீ. ஆயிற்று. வழவழப்பான கண்ணாடி முகம் எதுவும் நீரைத் தொடும் உயரத்தில் வெளித்தெரியவில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் கால் பற்ற ஒரு சொரசொரப்பு இருக்கிறது.

ஓடைக்கு, பாதியாகப் பிளந்த பி.வி.சி. குழாயே வாய்க்கால். உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சிலிக்கோன் பூசி, மணலும் சிறுகற்களும் அழுத்தினோம். வாய்க்காலின் விளிம்பு நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிற்கிறது; விளிம்பின் உச்சியில் எதையும் ஒட்டவில்லை. வாய்க்காலின் இருபுறமும் மூன்று விரற்கடை அகலத்துக்கு மண் இல்லாமல், வலைவரை வெறும் கூழாங்கல் நிரப்பப்பட்டது. மாஸ் கரைதாண்டித் தொங்கினாலும் அது தொடுவது கல்லை; சொட்டும் நீர் கற்களினூடே நேராகத் தேக்கத்துக்கு இறங்கும். பார்வைக்கு இந்தக் கல்வரிசை ஓடைக்கரையாகவே தெரிகிறது. முழுக் கட்டுமானத்திலும் எனக்கு மிக நிறைவு தந்த பகுதி இதுதான்.

பின்சரிவில், நீர் இறங்கும் இடத்தை ஒட்டிய ஃபோமைக் கண்ணாடிவரை அறுத்து எடுத்தோம். பழைய சிலிக்கோனைப் பிளேடால் சுரண்டினோம். காய்ந்த சிலிக்கோனின் மேல் புதியது நன்றாகப் பிடிக்காது. அங்கே ஸ்லேட் பலகைகளைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்று தழுவுமாறு ஒட்டினோம். ஊற்றின் வாய்க்குக் கீழுள்ள முதல் பலகையின் கூர்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அடிப்பக்கமாகத் திரும்ப நினைக்கும் நீர் அந்த விளிம்பில் தடைபட்டு அடுத்த பலகையில் சொட்டுகிறது. ஃபோம் எங்கும் நீர்மட்டத்துக்குக் கீழே போகாதபடியும் பார்த்துக்கொண்டோம். மூழ்கிய ஒரு லிட்டர் ஃபோமை நீர் ஏறத்தாழ ஒரு கிலோ விசையோடு மேலே தள்ளும். நாளடைவில் எந்த ஒட்டும் அதற்கு இளகும். பயன்படுத்திய சிலிக்கோன் பூஞ்சைக்கொல்லி சேராதது. அதன் புளித்த நெடி முற்றிலும் அடங்க ஒரு வாரம் விட்டோம்.

பம்ப் பழையதே. அதன் பெட்டியில் மணிக்கு 300 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் அது உயரமே இல்லாத நிலையில் கிடைக்கும் அளவு. 35 செ.மீ. மேலே, மெல்லிய குழாயின் முனையில் ஒரு நிமிடம் பிடித்து அளந்தபோது கிடைத்தது இரண்டு லிட்டர். அதுவும் இந்த ஓடைக்கு மிகுதி; தெறிப்பால் எதிர்க்கரை நனைந்தது. பம்புக்கும் ஊற்றுக்கும் நடுவே ஒரு வால்வு வைத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டராகக் குறைத்தோம். வெளியேறும் பக்கத்தில்தான் இப்படித் தடை வைக்கலாம். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்ப் பழுதாகும். பம்ப் நிற்கும் இடம் வலப்புறப் பின்மூலையில், துளையிட்ட தகட்டால் செய்த சிறு கிணறு. அதன் மூடி மண்ணுக்கு மேலே திறக்கிறது. செடிகளைக் கலைக்காமல் பம்பை எடுத்துக் கழுவ முடியாத அமைப்பு எத்தனை அழகானாலும் ஒரே ஆண்டில் கைவிடப்படும். அந்தக் கிணற்றின் வழியாகவே குழாய் இறக்கித் தேக்கநீரையும் மாற்றலாம்.

மின்கம்பி மேற்புறமாக வெளியேறி, பிளக்கை அடையும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து ஏறுகிறது. கம்பி வழியே ஓடும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். இணைப்பு, மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகச் செல்கிறது.

மண் இடுவதற்கு முன்பே இரண்டு நாள் ஓடையை ஓடவிட்டு, காகிதச் சோதனையை மறுபடியும் செய்தோம். ஊற்றடியில் ஒரு பலகையின் ஓரம் மட்டும் நனைந்தது. சிலிக்கோனால் ஒரு சிறு மேடு வைத்ததும் நின்றது. மண் இட்ட பிறகு இதே திருத்தத்துக்கு ஒரு நாள் போயிருக்கும்.

நீரின் தன்மை

தேக்கத்துக்கு ஆர்.ஓ. நீரே நிரப்பப்பட்டது. கடின நீர் ஆவியாகும்போது சுண்ணாம்பு கல்லிலும் கண்ணாடியிலும் வெண்படிவாகத் தங்கும். மேலும் மேலும் அதே நீரை ஊற்றினால் உப்புகளின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். குழாய்நீரைப் பயன்படுத்துவோர், குளோரின் திறந்து வைத்தால் வெளியேறும், சில ஊர்களில் அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் கிருமிநாசினியான குளோரமின் அப்படி வெளியேறாது என்பதை அறிந்து குளோரின் நீக்கி சேர்க்க வேண்டும். தவளை நீரை வாயால் குடிப்பதில்லை; அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சுகிறது. நீரில் கரைந்த எதுவும் அதன் உடலுக்குள் போக மிகக் குறுகிய வழி அது.

அதனால்தான் தவளைகள் காத்திருக்க நேர்ந்தது. மட்கும் இலைகளும் விலங்கின் கழிவும் அம்மோனியாவைத் தருகின்றன. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறிதொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தேக்கத்தில் இந்த பாக்டீரியாக்கள் நிலைகொள்ள வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நெடுநாள் ஓடிய மீன்தொட்டி வடிகட்டியின் ஸ்பாஞ்சைப் பம்பின் வாயில் பொருத்தினால் இது விரைவுபடும் என்றாலும், அந்த மீன்தொட்டியின் நோயும் கூடவே வரக்கூடும். தவளைகளுக்கான தொட்டி என்பதால் அந்தக் குறுக்குவழியை வேண்டாம் என்றேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சுழியம் காட்டும்வரை பொறுத்தோம். நைட்ரேட்டைக் குறைக்க, மணி பிளாண்ட் கொடி ஒன்றின் வேர் கிணற்றுக்குள் விடப்பட்டது.

வெப்பத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 4 வாட் பம்ப் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் தொட்டிக்குள் வெப்பமாகிறது. வெப்பம் எங்கும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், பழைய குட்டையின் நாலு லிட்டர் நீரை அது ஒரே நாளில் 20 டிகிரி உயர்த்தப் போதுமானது. உண்மையில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. ஆயினும் பழைய அமைப்பில் குட்டைநீர் உட்காற்றைவிட 2 டிகிரி சூடாக இருந்தது. இப்போது நீர் அடிக்கண்ணாடி முழுவதையும் தொட்டு நிற்பதால் வெப்பம் அதன் வழியே இறங்குகிறது. வேறுபாடு அரை டிகிரிக்குள். குளிர்ச்சியை விரும்பும் டார்ட் தவளைகளுக்கு இந்த ஒன்றரை டிகிரி சிறிய சலுகை அல்ல.

தொடர் கவனிப்பு

மாதங்கள் கடந்த நிலையில், தேக்கத்தில் வாரத்துக்கு ஒரு குவளை நீர் சேர்த்தால் போதுமாக இருக்கிறது. அது கதவிடுக்கில் ஆவியாகப் போகும் அளவு. மாஸ் எதிர்பார்த்தபடியே கரையைத் தாண்டிக் கல்வரிசைமேல் தொங்குகிறது, அதன் நுனியில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, மண் ஈரப்பதமாக மட்டுமே உள்ளது. புதிதாக நட்ட புரோமிலியாடுகள் அடியில் உறுதியாக உள்ளன. ஸ்லேட் பலகைகளில் முதல் மாதம் பழுப்புப் பாசி படர்ந்தது. விளக்கு எரியும் நேரத்தைப் பன்னிரண்டு மணியிலிருந்து பத்தாகக் குறைத்ததும், செடிகள் வளர்ந்ததும் அதை அடக்கின. தவளைகள் விடப்பட்டு, இரண்டும் கரையின் ஈரக்கல்லில் அடிக்கடி அமர்கின்றன, ஆழப்பகுதிக்குப் போவதில்லை.

மாற்றி எடுக்கும் தேக்கநீர் வெளியே எந்த நீர்நிலைக்கும் போகாதபடி, பிளீச்சிங் கரைசல் கலந்து வைத்திருந்து கழிவறையில் ஊற்றப்படுகிறது. நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினங்களை உலகெங்கும் அழித்துவரும், 1999-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட பட்ராக்கோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ் என்ற பூஞ்சை நீர் வழியாகவே பரவுகிறது. நோய்க்குறி தெரியாத வளர்ப்புத் தவளையும் அதைச் சுமக்கக்கூடும். சிறு தொட்டி ஒன்றின் நீர்தானே என்று இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இன்னும் தீராதது ஓடையின் நடு வளைவு. உதிரும் இலைகள் அங்கே தங்கி நீரை அணைபோலத் தடுக்கின்றன. மட்டம் வாய்க்காலின் விளிம்பைத் தொடும் நாட்களில் கல்வரிசை வழியாக நீர் இறங்கிவிடுவதால் மண்ணுக்குத் தீங்கில்லை என்றாலும், குட்டைக்கு வரும் ஓட்டம் மெலிகிறது. அந்த இடத்தில் அரைக்குழாயை எடுத்துவிட்டு, இருமடங்கு அகலமுள்ள, அடி சற்றுத் தாழ்ந்த ஒரு தட்டை வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இலைகள் அதில் படிந்தாலும் நீர் பக்கவாட்டில் விலகிச் செல்ல இடமிருக்கும். வாய்க்கால் மண்ணில் புதையாமல் கல்மேல் தனியாக அமர்ந்திருப்பதால், செடி எதையும் பெயர்க்காமலே இந்த மாற்றத்தைச் செய்துவிடலாம்.